குழந்தைகள் புத்தகம் வெச்சு க்ளாஸ்ல புல்லியிங், தற்கொலை பத்தி பேசறது: டீச்சர்ஸ் அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் கவுன்சிலர் இல்ல, டீச்சர். பல வருஷமா க்ளாஸ்ல கதைப்புத்தகம் சத்தமா படிச்சு காட்டிட்டு வர்றேன், அதுல புல்லியிங், இறப்பு, துக்கம் எல்லாம் வரும். ஸ்டாஃப் ரூம்ல, ட்ரெய்னிங்ல, ராத்திரி பத்து மணிக்கு போன்லன்னு ஒரே சந்தேகங்கள் வந்துட்டே இருக்கறதால எல்லாத்தையும் இங்க எழுதிட்டேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

இதெல்லாம் க்ளாஸ்ல பேசற விஷயமா? அதுக்குத்தான கவுன்சிலர் இருக்காங்க?

கவுன்சிலர் கண்டிப்பா வேணும். ஆனா ஒரு குழந்தை போய் கவுன்சிலர் ரூம் கதவ தட்டணும்னா, இத வெளிய சொல்லலாம், சொன்னா திட்ட மாட்டாங்கன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் இல்லையா, அந்த தைரியம் தினமும் பாக்கற டீச்சர்கிட்டேர்ந்துதான் வரும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல சுமார் 7,27,000 பேர் தற்கொலையால இறந்திருக்காங்க, 15லேர்ந்து 29 வயசுக்காரங்க இறக்கற காரணங்கள்ல அது மூணாவது இடத்துல இருக்கு. யுனெஸ்கோ 2019ல வெளியிட்ட அறிக்கைல, கிட்டத்தட்ட மூணுல ஒரு ஸ்டூடன்ட் முந்தின ஒரு மாசத்துக்குள்ள புல்லியிங்க அனுபவிச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்காங்க. முப்பது பேர் உக்காந்திருக்கற க்ளாஸ்ல பத்து பேர்னு வெச்சுக்கோங்க. நாம வாய் தொறக்கலன்னா அவங்க அத மறந்துடப்போறதில்ல, தனியா வெச்சுட்டு யோசிச்சுட்டே இருப்பாங்க.

புல்லியிங்னா என்னங்க, பசங்கன்னா கிண்டல் பண்ணிக்கத்தான செய்வாங்க?

நார்வே நாட்டு சைக்காலஜிஸ்ட் டான் ஓல்வியஸ் 1970கள்லேர்ந்து இத ஆராய்ச்சி பண்ணவர். அவர் மூணு விஷயம் பாக்க சொல்றார்: காயப்படுத்தணும்னு வேணும்னே பண்றது, திரும்ப திரும்ப நடக்கறது, அனுபவிக்கறவங்களால சரிக்கு சரி நிக்க முடியாம இருக்கறது. ரெண்டு பேர் சமமா கலாய்ச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சா அது வேற, ஒருத்தர் மட்டும் சிரிக்காம நின்னா அது வேற.

நம்ம மொழில இதுக்கு ஒரே சொல் இல்லாததும் ஒரு பிரச்சனை. கிண்டல், கேலி, வம்பு இழுக்கறது, பட்டப்பேரு வெக்கறது, ஓரங்கட்டறது, பேசக்கூடாதுன்னு கூட்டு சேர்றதுன்னு துண்டு துண்டா இருக்கு, அதனால ஒவ்வொண்ணும் சின்ன விஷயமா தெரியுது. என் க்ளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து பாடம் படிக்க ஆரம்பிச்சாலே பின்னாடிலேர்ந்து ரெண்டு பேர் மெதுவா தொண்டைய செருமுவாங்க. அவ்வளவுதான். கம்ப்ளைன்ட்ல எழுதறதுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது. ஆனா அந்த சத்தம் கேட்டதும் அவ குரல் பாதியா குறையும், புக்க பிடிச்ச கை நெஞ்சுகிட்ட போயிடும். மூணு வாரம் கழிச்சுதான் எனக்கே புரிஞ்சுது.

தற்கொலைய பத்தி பேசினா, நினைக்காத குழந்தைக்கும் அந்த நினைப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிடாதா?

இந்த பயம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. 2005ல மேட்லின் கூல்ட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு நியூயார்க் மாநிலத்துல 2,300க்கு மேல ஹைஸ்கூல் பசங்கள வெச்சு இத சோதிச்சு பாத்தாங்க. பாதி பேர்கிட்ட தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரா கேட்டாங்க, மீதி பேர்கிட்ட கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு பாத்தா, கேக்கப்பட்டவங்களுக்கு மன உளைச்சலும் அந்த எண்ணமும் மத்தவங்கள விட கூடல. ஏற்கனவே மன அழுத்தத்துல இருந்த பசங்களுக்கு கேட்டதால கொஞ்சம் இறுக்கம் குறைஞ்சே இருந்துச்சு.

ஆனா எப்படி பேசறோம்ங்கறது ரொம்ப முக்கியம். ஒரு தற்கொலைய பெருசாக்கி, எப்படி நடந்துச்சுன்னு விலாவாரியா சொன்னா அத பாத்து மத்தவங்களும் அதே வழிக்கு போற ஆபத்து நிஜம், 1974லயே டேவிட் ஃபிலிப்ஸ்ங்கற சமூகவியலாளர் அதுக்கு, கதே எழுதின ஒரு நாவலோட ஹீரோ பேர வெச்சு, வெர்தர் விளைவுன்னு பேர் வெச்சார். இதுக்கு எதிரான ஒண்ணும் இருக்கு, ஆஸ்திரியால நீடர்க்ரோடென்தாலர்ங்கற ஆராய்ச்சியாளர் குழு 2010ல சொன்ன பாபகேனோ விளைவு. அந்த எண்ணம் வந்தும் அதுலேர்ந்து மீண்டவங்க கதைய சொன்னா அது பாதுகாப்பா வேலை செய்யுதுன்னு பாத்தாங்க. பாபகேனோ மோட்சார்ட்டோட ஒரு ஓபரால வர்ற கேரக்டர், சாகலாம்னு நிக்கறப்போ அவன தடுத்து வேற வழிய ஞாபகப்படுத்தறது மூணு சின்னப் பசங்க. எந்த கதைய எடுத்தாலும் அந்த மூணு பசங்க வேலைய செய்யற யாராவது அதுல இருக்காங்களான்னு பாப்பேன்.

எந்த வயசுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

புல்லியிங், தனிமை, யாரும் சேத்துக்காத சோகம் எல்லாம் அஞ்சு வயசுலேர்ந்தே படப்புத்தகம் வெச்சு பேசலாம். செத்துப்போனவங்க திரும்ப வர மாட்டாங்கங்கறது பெரும்பாலான குழந்தைகளுக்கு அஞ்சுலேர்ந்து ஏழு வயசுக்குள்ள பிடிபடும், அதனால அந்த வயசுல இறப்பு, துக்கம் வரைக்கும் போலாம், தற்கொலைய நாமளா கொண்டு வர வேண்டாம்.

ஆனா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. பிரையன் மிஷாராங்கற ஆராய்ச்சியாளர் 1999ல கனடால சின்னப் பசங்ககிட்ட பேசி பாத்தப்போ மூணாவது படிக்கறவங்களுக்கே தற்கொலைன்னா என்னன்னு தெரிஞ்சிருந்துச்சு, டிவிலேர்ந்தும் மத்த பசங்ககிட்டேர்ந்தும். அவங்களா கேட்டா வயசுக்கு ஏத்த மாதிரி சுருக்கமா உண்மைய சொல்லுங்க. தற்கொலை நேரா வர்ற கதைய க்ளாஸுக்கே படிக்கறதுன்னா 13 வயசுக்கு மேல, அதுவும் கவுன்சிலருக்கு முன்னாடியே சொல்லி வெச்சுட்டுதான்.

நேரா பேசிட்டு போயிடலாமே, நடுவுல கதை எதுக்கு?

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கேட்டுப் பாருங்க, குழந்தை தலைய குனிஞ்சுக்கும். "இவ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"ன்னு படத்த காட்டி கேளுங்க, பத்து கை தூக்கும். அதுல பாதி பதில் சொந்த கதையாத்தான் இருக்கும், ஆனா அது அவங்களோடதுன்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்ல.

குழந்தை இலக்கிய ஆராய்ச்சியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990ல எழுதின கட்டுரைல புத்தகத்த கண்ணாடின்னும் ஜன்னல்னும் தள்ளித்திறக்கற கதவுன்னும் சொன்னாங்க. தன்னையே பாத்துக்கறது, இன்னொருத்தர் வாழ்க்கைய எட்டிப்பாக்கறது, உள்ள போயிட்டு வர்றது. ஒரே க்ளாஸ்ல ஒரே பக்கம் ஒருத்தருக்கு கண்ணாடியா இருக்கும், பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஜன்னலா இருக்கும்.

எந்த புக்னு எப்படி செலக்ட் பண்றது?

முதல்ல முழுசா நீங்க படிங்க, அப்புறம் தனியா உக்காந்து சத்தமா படிங்க. உங்க குரல் எங்க உடையுதுன்னு வீட்லயே தெரிஞ்சுடும். தற்கொலை வர்ற கதைன்னா, எப்படி நடந்துச்சுன்னு விவரிக்கற புக் வேண்டவே வேண்டாம், செத்ததுக்கு அப்புறம் எல்லாரும் அழுது வருத்தப்பட்டு அவங்க பெருமைய புரிஞ்சுக்கற மாதிரி முடியற கதையும் வேண்டாம். அது ஒரு குழந்தைக்கு, செத்தாதான் நம்மள பாப்பாங்கன்னு சொல்ற மாதிரி ஆயிடும். உதவி கேட்டு, உதவி கிடைச்சு, உயிரோட இருக்கற ஒருத்தர் கதைல இருக்கணும்.

புல்லியிங்குக்கு நான் பெரும்பாலும் எடுக்கறது ரெண்டு: எலினோர் எஸ்டஸ் எழுதின 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்', 1944ல வந்தது, இன்னொண்ணு ஜாக்குலின் உட்சன் எழுதின 'ஈச் கைண்ட்னெஸ்', 2012. ரெண்டுலயுமே வசதி இல்லாத ஒரு பொண்ண மத்தவங்க ஒதுக்கறாங்க, அவ ஸ்கூல விட்டே போயிடறா. கதை போறது ஒதுக்கினவங்க பக்கத்துலேர்ந்து. முதல் கதைல வர்ற மேடி கிண்டல ஆரம்பிச்சவ இல்ல, பக்கத்துல சும்மா நின்னவ, அடுத்து நம்மளதான் பிடிப்பாங்களோன்னு பயந்தவ. க்ளாஸ்ல பெரும்பாலானவங்க மேடிதான், அதனாலதான் அந்த கதை அவ்வளவு ஆழமா இறங்குது. ரெண்டாவதுல மன்னிப்பு கேக்கற சான்ஸே வராது. அந்த கடைசி பக்கம் முடிஞ்சதும் நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசறதில்ல.

படிச்சு முடிச்சு "இந்த கதைலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க"ன்னு கேட்டா எல்லாரும் "யாரையும் கிண்டல் பண்ணக்கூடாது"ன்னு கோரஸா சொல்றாங்க, அதுக்கு மேல போகவே மாட்டேங்குது

கேள்விய மாத்துங்க. நீதி என்னன்னு கேட்டா பரிட்சைக்கு எழுதற பதில்தான் வரும். நான் பாதி கதைல நிறுத்துவேன். "இந்த பக்கத்துல என்ன நடக்குதுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"னு கேட்டு போர்டுல பேர எழுத சொல்லுவேன். ஒதுக்கப்பட்டவ, ஒதுக்கினவ, சிரிச்சவங்க, திரும்பிக்கிட்டவங்க, பாக்காத டீச்சர். ஆமா, டீச்சர் பேரும் அதுல வரும், வரட்டும். அப்புறம், "இவங்கள்ல யார் அடுத்த ஒரு நிமிஷத்துல என்ன பண்ண முடியும்?" அந்த ஒரு நிமிஷம்ங்கறது முக்கியம், இல்லன்னா பெரிய பெரிய வீர வசனமா வரும்.

2001ல கனடால ஹாகின்ஸ், பெப்லர், க்ரெய்க் மூணு பேரும் ஸ்கூல் மைதானத்துல வீடியோ எடுத்து பாத்தாங்க. வேற பசங்க குறுக்க வந்தப்போ பாதிக்கு மேல, 57 சதவீதம் தடவை, புல்லியிங் பத்து செகண்டுக்குள்ள நின்னுடுச்சு. இத க்ளாஸ்ல சொல்லி ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ண சொல்லுங்க, பசங்க முகத்த பாக்கணும். குறுக்க வர்றதுன்னா சண்டை போடறதுன்னு அர்த்தம் இல்ல, "வா, அங்க போலாம்"னு கைய பிடிச்சு கூட்டிட்டு போறது போதும், அதுக்கும் பயமா இருந்தா அப்புறமா போய் பக்கத்துல உக்காரலாம், பெரியவங்ககிட்ட சொல்லலாம்.

"உங்கள்ல யாருக்காவது இப்படி நடந்திருக்கா?"ன்னு கேக்கலாமா?

வேண்டாம். நான் கேட்டிருக்கேன், முதல் வருஷத்துல. ஒரே ஒரு கை மேல போச்சு, முழுசா கூட இல்ல, காது வரைக்கும்தான். முப்பது தலை திரும்பி அந்த கைய பாத்துச்சு. அந்த கை இறங்கினது இன்னும் கண்ணுலயே இருக்கு. அன்னிக்கு நான் அந்த பையன எல்லார் முன்னாடியும் அடையாளம் காட்டி குடுத்துட்டேன்.

இப்ப எல்லாருக்கும் துண்டு பேப்பர் குடுக்கறேன், எல்லாரும் ஏதாவது எழுதணும், எழுத எதுவும் இல்லாதவங்க கதைல பிடிச்ச படத்த பத்தி எழுதலாம். எழுதாம இருக்கறவங்க, எழுதறவங்கன்னு வெளிய வித்தியாசம் தெரியக்கூடாது. பேர் போடறது அவங்க இஷ்டம், "என்கிட்ட தனியா பேசணும்னா மூலைல ஒரு புள்ளி வைங்க"ன்னு மட்டும் சொல்லுவேன், பேப்பர நானே வாங்கிப்பேன், அன்னிக்கு சாயந்தரமே எல்லாத்தையும் படிச்சுடுவேன். பேர் இல்லாம பயப்படற மாதிரி ஒண்ணு வந்தா அத அப்படியே விடக்கூடாது, கையெழுத்து யாரோடதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.

கிண்டல் பண்றவனும் அதே க்ளாஸ்லதான உக்காந்திருக்கான், அவன வெச்சுட்டு எப்படி படிக்கறது?

அவனுக்காகன்னே ஒரு கதைய தேடி எடுக்காதீங்க, அவன பாத்துக்கிட்டே படிக்காதீங்க. க்ளாஸுக்கே புரியும், கதை தண்டனையாயிடும். நேத்து ஒரு சம்பவம் நடந்துச்சுன்னா அத தனியா விசாரிச்சு முடிங்க, கதை ரெண்டு மூணு வாரம் போகட்டும்.

இன்னொண்ணு, கிண்டல் பண்ற பசங்கள்ல சிலர் வேற எங்கயோ அதே அடிய வாங்கறவங்க. ரெண்டு பக்கமும் இருக்கற அந்த பசங்கதான் பெரும்பாலும் ரொம்ப மோசமான மனநிலைல இருப்பாங்க. அதனால அவனுக்கும் மேல சொன்ன துண்டு பேப்பர்ல ஒண்ணு போகணும்.

"கிண்டல் பண்ணாங்க, அதனால செத்துட்டா"ன்னு சொன்னாதான பசங்களுக்கு சீரியஸ்னஸ் புரியும்?

நல்ல எண்ணத்துல பண்ற தப்புலயே இதுதான் பெரிய தப்புன்னு நினைக்கறேன். புல்லியிங் தற்கொலை ஆபத்த கூட்டுதுங்கறது உண்மை. ஆனா புல்லியிங்க அனுபவிக்கற பெரும்பாலான குழந்தைகள் தற்கொலைக்கு போறதில்ல, அப்படி நடந்த இடத்துலயும் மன அழுத்தம், வீட்டு நிலைமை, வேற இழப்புன்னு பல கயிறு சேந்து முறுக்கியிருக்கும். நாம ஒரே கோடா போட்டு காட்டினா, இப்ப கிண்டலுக்கு ஆளாகிட்டு இருக்கற குழந்தைக்கு அந்த கோட்டோட முடிவ நாமளே எழுதி குடுத்த மாதிரி. கூடவே, செத்தா அவங்களுக்கு பாடம் கத்துக்குடுத்த மாதிரின்னும் கேக்கும்.

பயமுறுத்தாம சீரியஸ்னஸ் புரிய வெக்கலாம். அந்த பொண்ணு காலைல ஸ்கூலுக்கு கிளம்பறப்போ வயித்துல என்ன பண்ணும், ராத்திரி எதை நினைச்சுட்டு படுத்திருப்பான்னு பேசுங்க. உயிரோட இருக்கற ஒருத்தியோட வலியே போதுமான காரணம், அத மதிக்க ஒரு சாவு தேவையில்ல.

எந்த வார்த்தைய யூஸ் பண்றது, எது கூடாது?

தற்கொலைங்கற நம்ம வார்த்தைக்குள்ளயே 'கொலை' இருக்கு, கேக்கும்போதே குத்தம் பண்ண மாதிரி ஒலிக்கும். இருந்தாலும் வேற வார்த்தை தேடி மறைச்சா அது பேசக்கூடாத விஷயம்ங்கற மாதிரி ஆயிடும், அதனால நான் தற்கொலைன்னே சொல்லுவேன், "தற்கொலையால இறந்துட்டாங்க"ன்னு. "கோழை", "ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்", "பெத்தவங்கள நினைக்கல"ங்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம், அந்த எண்ணத்தோட உக்காந்திருக்கற குழந்தை இத கேட்டா அப்புறம் உங்ககிட்ட வாயே தொறக்காது. முயற்சிய "தோல்வி"ன்னும் சொல்லாதீங்க, பிழைச்சாங்கன்னு சொல்லுங்க.

க்ளாஸ் முடிஞ்சதும் ஒரு குழந்தை வந்து "எனக்கும் அப்படி தோணும் மிஸ்"னா நான் என்ன பண்ணணும்?

உக்காருங்க. கைல இருக்கறத கீழ வைங்க. "சொன்னதுக்கு தேங்க்ஸ்மா, இத சொல்றது கஷ்டம்னு தெரியும்" அப்படின்னு ஆரம்பிங்க. அப்புறம் நேரா கேளுங்க: "செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" மேல சொன்ன மாதிரி கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது, ஆனா எவ்வளவு அவசரம்னு உங்களுக்கு தெரிஞ்சுடும். "ச்சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது"ன்னோ, "உனக்கு என்ன குறைச்சல்"னோ வாய்ல வந்தா முழுங்கிடுங்க.

அப்புறம் தனியா விடாதீங்க, ஒரு நிமிஷம் கூட. நீங்களே கூட நடந்து போய் கவுன்சிலர்கிட்ட, இல்லன்னா ஹெட்மாஸ்டர்கிட்ட ஒப்படைங்க, அந்த நாளே, ஸ்கூல் விடறதுக்கு முன்னாடி. வீட்டுக்கும் அன்னிக்கே தெரியணும், வீடே ஆபத்தான இடம்னா குழந்தைகள் பாதுகாப்புக்குன்னு இருக்கறவங்களுக்கு. திட்டம் வெச்சிருக்குன்னு தெரிஞ்சா அது ஆஸ்பத்திரி அவசரம். உங்க ஊர் ஹெல்ப்லைன், அவசர நம்பர் எல்லாம் கதை படிக்கறதுக்கு முன்னாடியே உங்க நோட்ல இருக்கணும், அன்னிக்கு தேடிட்டு இருக்க முடியாது. இதனாலதான் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல இந்த மாதிரி கதைய நான் எடுக்கவே மாட்டேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு முன்னாடியே கேட்டா?

பண்ணாதீங்க. "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் ஒரு பெரியவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், ஆனா யார்கிட்ட, என்ன சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன்"னு சொல்லுங்க. கோவப்படும், அழும். பரவால்ல. சத்தியம் பண்ணிட்டு மீறினா இழக்கற நம்பிக்கை இதவிட பெருசு. அதே மாதிரி பசங்களுக்கும் கதை வழியா இத சொல்லிக்குடுங்க, ஃப்ரெண்டு இப்படி சொன்னா அந்த ரகசியத்த காப்பாத்தக்கூடாது, ஏன்னா பெரும்பாலும் முதல்ல தெரியறது ஃப்ரெண்டுக்குத்தான்.

எங்க ஸ்கூல்லயே ஒரு ஸ்டூடன்ட் தற்கொலையால இறந்துட்டாங்க. இப்ப தற்கொலை வர்ற கதை படிக்கலாமா?

இப்ப வேண்டாம். அந்த நேரத்துல பசங்களுக்கு மேல சொன்ன வெர்தர் விளைவோட ஆபத்து ரொம்ப அதிகம், அதனால கவுன்சிலரும் ஸ்கூலும் சேந்து முடிவு பண்றதுதான் முதல்ல. கதை வேணும்னா இழப்பு, ஞாபகம், துக்கம் பத்தின மென்மையான படப்புத்தகம் போதும், பெரிய பசங்களுக்கும் அது உதவும். இறந்த குழந்தையோட பேர கதையோட சேக்காதீங்க, அவங்க டெஸ்க்க கோயில் மாதிரி ஆக்காதீங்க, வேற எப்படி இறந்திருந்தாலும் ஒரு மாணவருக்கு என்ன மரியாதை செய்வீங்களோ அதே அளவு. அவங்களோட உக்காந்து சாப்பிட்டவங்க, கடைசியா சண்டை போட்டவங்க, இவங்கள பேர் எழுதி வெச்சு தினமும் ஒரு தடவை பாருங்க.

பேரன்ட்ஸ் "எங்க குழந்தைக்கு ஏன் இதெல்லாம் சொல்லிக்குடுக்கறீங்க"ன்னு வந்தா?

வர்றதுக்கு முன்னாடியே லெட்டர் அனுப்பிடுங்க. என்ன புக், எதுக்கு, எந்த தேதி, வீட்ல குழந்தை கேட்டா என்ன சொல்லலாம், வேண்டாம்னா அந்த நேரத்துல குழந்தை என்ன பண்ணும். புக்க ஆபீஸ்ல வெச்சு யார் வேணும்னாலும் வந்து படிக்கலாம்னு சொல்லுங்க. கோவமா வந்தவங்கள்ல பல பேர் படிச்சுட்டு அமைதியா உக்காந்துடறத பாத்திருக்கேன். சில பேர் வீட்ல ஒரு இழப்பு நடந்து அத குழந்தைக்கு சொல்லாம வெச்சிருப்பாங்க, அந்த கோவம் புக் மேல இல்ல. அவங்ககிட்ட வாதாடாதீங்க, கேளுங்க.

என் வீட்லயே ஒருத்தர நான் இப்படி இழந்திருக்கேன். என்னால இத படிக்க முடியுமான்னு தெரியல

படிச்சே ஆகணும்னு இல்ல. அந்த பீரியட இன்னொரு டீச்சர் எடுக்கட்டும், நீங்க வேற க்ளாஸ் எடுங்க, அதுக்கு விளக்கம் குடுக்க வேண்டியதில்ல. எடுக்கறதா இருந்தா தனியா சத்தமா படிச்சு பாருங்கன்னு முன்னாடி சொன்னேன் இல்ல, உங்களுக்கு அது இன்னும் முக்கியம், கூட ஒருத்தர வெச்சுட்டு படிங்க. க்ளாஸ்ல கண் கலங்கினா தப்பில்ல, "இந்த பக்கம் எனக்கு கஷ்டமா இருக்கு, ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு தண்ணி குடிச்சுட்டு தொடருங்க. ஆனா உங்க சொந்த இழப்போட விவரத்த பசங்ககிட்ட இறக்கி வெக்காதீங்க, அவங்க அத தூக்க முடியாது.

இத படிக்கற உங்களுக்கே இப்ப அந்த எண்ணம் வந்துட்டு போகுதுன்னா புக், க்ளாஸ் எல்லாம் அப்புறம். முதல்ல நம்பற ஒருத்தருக்கு போன் பண்ணி சொல்லுங்க, உடனே யாரும் எடுக்கலன்னா உங்க நோட்ல எழுதி வெச்சீங்க இல்ல, அந்த ஹெல்ப்லைன் நம்பர், அது உங்களுக்கும்தான்.